ஆறு மடங்கு திறன், இரண்டு மடங்கு வேகம்கூட இல்லை

1959இல் பிரிட்டனில் வெளிவந்த மினி காருக்கு 848 சிசி இன்ஜின். அதன் திறன் 34 குதிரைத்திறன். மாருதி 800 ஓட்டியவர்களுக்குப் பழக்கமான அளவுதான். ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதித்தால் மணிக்கு 116 கிலோமீட்டர் போகும். இந்த இன்ஜினைக் கழற்றிவிட்டு, 2001இல் வந்த ஹோண்டா சிவிக் டைப்-ஆர் காரின் கே20 இன்ஜினை அங்கே உட்கார வைப்பது பழைய மினிப் பிரியர்களிடையே பேர்போன வேலை. கே20 தருவது ஏறக்குறைய 200 குதிரைத்திறன், அதாவது பழையதைப்போல ஆறு மடங்கு.

அப்படியானால் மினி ஆறு மடங்கு வேகத்தில் போகுமா? போகாது. இரண்டு மடங்குகூடக் கிடைக்காது. நின்ற இடத்திலிருந்து கிளப்பும்போதோ நிலைமை இன்னும் மோசம்: இன்ஜின் கொடுப்பதில் பாதியைக்கூடச் சக்கரம் தரைக்குக் கடத்துவதில்லை. காசு கொடுத்து வாங்கிய மிச்சத் திறன் எங்கே போகிறது என்று தேடிப் பார்த்தால், ஒரு கார் எப்படி இயங்குகிறது என்ற மொத்தக் கதையும் கைக்கு வந்துவிடும்.

திறன் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். கிணற்றிலிருந்து ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் இறைக்கலாம் என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது. வாளி எவ்வளவு பெரிது, ஒவ்வொரு முறையும் அது எவ்வளவு நிரம்பி வருகிறது, நிமிடத்துக்கு எத்தனை முறை இறைக்கிறோம். இன்ஜினில் வாளி என்பது சிலிண்டர்களின் கொள்ளளவு, நாம் சிசி என்று சொல்வது. நிரம்புவது என்பது ஒவ்வொரு முறையும் உள்ளே போகும் காற்று. காற்று எவ்வளவோ அதற்கேற்ற அளவு பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். இறைக்கும் வேகம் என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு.

இரண்டு இன்ஜின்களையும் இப்படிப் பிரித்துப் பார்ப்போம். 848 சிசி எங்கே, 1998 சிசி எங்கே: வாளி 2.36 மடங்கு பெரிதாகிவிட்டது. பழையது தன் உச்சத் திறனை 5,500 சுற்றில் தருகிறது, கே20 தருவது 7,400 சுற்றில். அது 1.35 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் மூன்றே காலுக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. ஆறுக்கு இன்னும் பாதி வழி பாக்கி. அந்தப் பாக்கியில் பெரும்பகுதி வாளி நிரம்புவதில் இருக்கிறது. உச்சத் திறன் தரும் சுற்றில் பழைய இன்ஜின் ஒவ்வொரு லிட்டர் கொள்ளளவுக்கும் சுமார் 52 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. கே20 தருவது சுமார் 95. முறுக்குவிசை என்றால் தண்டைத் திருகும் விசை. ஸ்பேனரின் முனையில் எவ்வளவு அழுத்துகிறோம், அந்த ஸ்பேனர் எவ்வளவு நீளம் என்ற இரண்டின் பெருக்கல்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய இன்ஜின் எப்போதும் இவ்வளவு பலவீனமாக இருப்பதில்லை. 2,900 சுற்றில் அதன் முறுக்குவிசை உச்சத்தில் இருக்கும்போது லிட்டருக்கு 70 நியூட்டன் மீட்டர் வருகிறது. சுற்று ஏற ஏற அது 52க்குச் சரிகிறது. வேகமாக இறைக்கும்போது வாளி அரைகுறையாக வருகிறது என்று பொருள். ஏன்?

அந்த இன்ஜினின் தலையைக் கழற்றிப் பார்த்தால் பதில் தெரியும். நான்கு சிலிண்டருக்குக் காற்று வரும் வாசல்கள் இரண்டே இரண்டு. ஒன்றாம் சிலிண்டரும் இரண்டாம் சிலிண்டரும் ஒரு வாசலைப் பகிர்கின்றன, மூன்றும் நான்கும் இன்னொன்றை. புகை வெளியேற மூன்று வாசல். மெக்கானிக்குகள் இதை ஐந்து போர்ட் ஹெட் என்பார்கள். சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1, 3, 4, 2. இந்த வரிசைப்படி மூன்றாவது இழுத்து முடிப்பதற்குள் நான்காவது இழுக்கத் தொடங்கிவிடுகிறது. ஒரே வாசலில் இரண்டு பேர் இழுத்தால் ஒருவர் பங்கு குறையும். அது முடிந்த பிறகு அந்த வாசல் ஏறக்குறைய ஒரு சுற்று சும்மா கிடக்கும். 1951இல் ஆஸ்டின் ஏ30 என்ற சிறிய காருக்காக 803 சிசியில் பிறந்த இன்ஜின் வம்சம் இது. சிக்கனமாக ஓட வேண்டும், மலிவாக வார்க்க வேண்டும் என்பதுதான் அன்றைய தேவை. அந்தத் தேவைக்கு அது குறையே வைக்கவில்லை. 2000ஆம் ஆண்டு வரை மினியில் இந்த வம்சம்தான் ஓடியது.

கே20இல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கு வால்வு: காற்று வர இரண்டு, புகை போக இரண்டு. ஆனால் வாசலைப் பெரிதாக்கியது மட்டும் அதன் ரகசியமல்ல. வால்வை எப்போது மூடுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 7,400 சுற்றில் பிஸ்டன் காற்றை இழுக்கக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் நான்கு பங்கு. இவ்வளவு விரைவாக ஓடிவரும் காற்றுக்கு உந்தம் உண்டு. பிஸ்டன் கீழே போய் மேலே திரும்பத் தொடங்கிய பிறகும் காற்று தன் ஓட்டத்தில் உள்ளே நெருக்கிக்கொண்டு வரும். ஆகவே வால்வைச் சற்றுத் தாமதமாக மூடினால் கூடுதல் காற்று இலவசமாகக் கிடைக்கிறது. இதையே மெதுவான சுற்றில் செய்தால் எதிர்மறைப் பலன்: காற்றுக்கு அந்த வேகம் இல்லாததால், மேலே வரும் பிஸ்டன் அதை வந்த வழியே வெளியே தள்ளிவிடும். எனவே ஊருக்குள் ஓட்ட ஏற்ற வால்வு நேரமும் பந்தயத்துக்கு ஏற்ற வால்வு நேரமும் ஒன்றாக இருக்க முடியாது. நெடுங்காலம் இன்ஜின் வடிவமைப்பாளர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றதைக் கைவிட்டார்கள்.

ஹோண்டா 1989இல் இன்டெக்ரா காரில் கொண்டுவந்த வீடெக் ஏற்பாடு இரண்டையும் ஒரே தண்டில் வைத்தது. வால்வைத் தள்ளும் கேம் தண்டில் சிறிய மேடு, பெரிய மேடு என்று இரண்டு வகை. சாதாரணமாகச் சிறிய மேடுகள் வால்வைத் திறக்கின்றன. பெரியது சும்மா சுழல்கிறது. சுற்று ஒரு எல்லையைத் தாண்டியதும், எண்ணெய் அழுத்தம் ஒரு சிறிய ஊசியைத் தள்ளி, பெரிய மேட்டின் கையையும் மற்றக் கைகளையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அந்தக் கணத்திலிருந்து வால்வு அதிகமாகவும் நெடுநேரமும் திறக்கிறது. சிவிக் டைப்-ஆரில் இது 5,800 சுற்றை ஒட்டி நடக்கும். காதால் கேட்டே கண்டுபிடிக்கலாம், இன்ஜினின் குரல் மாறிவிடும். இதோடு, காற்று வால்வுகளின் கேம் தண்டையே தேவைக்கேற்ப முன்னும் பின்னும் திருப்பும் ஏற்பாடும் கே20இல் உண்டு.

வேகமாக இறைப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. 7,400 சுற்றில் கே20 பிஸ்டன் மேலும் கீழுமாக நொடிக்குச் சராசரியாக 21 மீட்டர் ஓடுகிறது. பழையதில் 12.5 மீட்டர்தான். ஒவ்வொரு முறையும் உச்சியில் நின்று திரும்பும்போது அதன் முடுக்கம் புவியீர்ப்பைப்போல மூவாயிரம் மடங்குக்கு மேல். அந்தக் கணத்தில் பிஸ்டனின் ஒவ்வொரு 300 கிராமும் ஒரு டன் கனம் கனக்கும். பழைய இன்ஜினின் கிராங்க் தண்டு மூன்றே மூன்று பேரிங்குகளில் தாங்கப்பட்டது. கே20இல் ஐந்து. ஐம்பதாண்டு உலோகவியல் முன்னேற்றம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இந்த 34, 200 எல்லாம் எப்படித் தெரியும்? திறனை நேரடியாக அளக்கும் கருவி கிடையாது. முறுக்குவிசையை அளக்கிறோம், சுற்றை எண்ணுகிறோம், இரண்டையும் பெருக்குகிறோம். 1821இல் பிரெஞ்சுப் பொறியாளர் காஸ்பார் த புரோனி காட்டிய வழி இது. சுழலும் உருளையை மரக்கட்டைகளால் இறுகப் பிடித்து, அந்தக் கட்டைகளோடு ஒரு நீண்ட கையைப் பொருத்தினார். உருளை கட்டையையும் சேர்த்துச் சுற்றிவிடப் பார்க்கும். அதைச் சுற்றவிடாமல் நிறுத்தக் கையின் முனையில் எவ்வளவு எடை தொங்கவிட வேண்டும் என்று பார்த்தால் முறுக்குவிசை கிடைத்துவிடும். இன்று இதே வேலையைச் செய்யும் டைனோ கருவியில் மரக்கட்டைக்குப் பதில் மின்காந்தத் தடை இருக்கிறது, அல்லது கனமான உருளை எவ்வளவு விரைவாகச் சுழற்றப்படுகிறது என்று பார்த்துக் கணக்கிடுகிறார்கள். தத்துவம் மாறவில்லை. காரை உருளைகளின் மேல் நிறுத்தி அளந்தால் வருவது சக்கரத்தில் கிடைக்கும் திறன். கியர்கள், பேரிங்குகள், டயர் எல்லாம் தத்தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சியது அது. ஆகவே ‘என் வண்டி இத்தனை குதிரைத்திறன்’ என்று யாராவது பெருமை பேசினால், இன்ஜினிலா சக்கரத்திலா என்று கேட்பது நல்லது.

இனி அந்த இன்ஜின் போய்ச் சேரும் வீட்டைப் பார்ப்போம். 1956இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. சிறிய கார் வேண்டும் என்ற உத்தரவின் பேரில் அலெக் இசிகோனிஸ் மினியை வடிவமைத்தார். நீளம் 3.05 மீட்டர், அகலம் 1.41 மீட்டர். இதற்குள் நான்கு பேர் உட்கார வேண்டும். அவர் இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். அப்படி வைத்தால் கியர்பாக்ஸ் பக்கவாட்டில் நீட்டிக்கொள்ளும், அகலம் போதாது. எனவே கியர்பாக்ஸை இன்ஜினுக்கு அடியில், எண்ணெய் தேங்கும் சம்ப்பிலேயே வைத்தார். இன்ஜினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய். எண்ணெய்க்கு இது பெரிய கொடுமை. இடத்துக்கோ பெரிய லாபம்.

கே20இல் கியர்பாக்ஸ் இன்றைய பெரும்பாலான முன்சக்கர இயக்கக் கார்களில் இருப்பதுபோல இன்ஜினின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இசிகோனிஸ் எந்தச் சிக்கலைத் தவிர்த்தாரோ, மாற்றுகிறவர்கள் அதே சிக்கலை மறுபடி விலைக்கு வாங்குகிறார்கள். இன்ஜின் முழுக்க அலுமினியம் என்பதால் எடை பெரிய தலைவலி இல்லை. பழைய வார்ப்பிரும்பு இன்ஜினும் லேசானதல்ல. இடம்தான் தலைவலி. முன்பக்கச் சக்கரங்களையும் இன்ஜினையும் தாங்கும் சப்ஃப்ரேமைப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கிறது. பல வண்டிகளில் மூக்கையே சில அங்குலம் நீட்டுகிறார்கள். நீட்டிய மினியைப் பழைய மினியின் பக்கத்தில் நிறுத்தினால் ஏதோ சரியில்லை என்று கண்ணுக்குத் தெரியும். எனக்கு அந்த முகம் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்ஜின் பொருந்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரில் கிளட்சை விடுகிறோம். சக்கரத்துக்கு வரும் முறுக்குவிசை, இன்ஜினின் முறுக்குவிசையைக் கியர் விகிதத்தால் பெருக்கினால் வருவது. பழைய மினியில் 60 நியூட்டன் மீட்டர், முதல் கியரில் 13.7 மடங்கு, வழியில் போகும் நஷ்டம் கழித்தால் 740 அளவு. இப்போது டயர் பக்கத்திலிருந்து கணக்கிடுவோம். ஓட்டுநரோடு வண்டி எடை ஏறக்குறைய 680 கிலோ. இதில் 60 சதவீதத்துக்குச் சற்று மேல் முன்சக்கரங்களின் மேல். ஆனால் வண்டி முன்னால் பாயும்போது எடை பின்னால் சாய்கிறது; பேருந்து கிளம்பும்போது நின்றுகொண்டிருப்பவர்கள் பின்னால் சாய்வது இதே காரணத்தால்தான். முன்சக்கரங்களில் சுமார் 340 கிலோதான் மிஞ்சும். நல்ல தார்ச்சாலையில் டயர் பிடிக்கக்கூடிய விசை, அதன் மேல் அமர்ந்திருக்கும் எடையை ஒட்டியதாகவோ அதைவிடச் சற்றுக் குறைவாகவோ இருக்கும். இத்தனை சிறிய சக்கரத்தில் அது 650 முதல் 800 நியூட்டன் மீட்டர் ஆகிறது.

இரண்டு எண்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. பழைய மினியில் டயர் தாங்குவது எவ்வளவோ, இன்ஜின் கொடுப்பதும் ஏறக்குறைய அவ்வளவு. மினியின் சோதனை வண்டிகளில் 948 சிசி இன்ஜின்தான் இருந்தது. இந்த வண்டிக்கு அது அளவுக்கு மீறிய வேகம் என்று முடிவு செய்து, பிஸ்டன் ஓடும் தூரத்தைச் சுருக்கி 848 ஆக்கித்தான் விற்பனைக்கு விட்டார்கள். இன்று நாம் ஆறு மடங்கு ஆக்க நினைக்கும் காரில், அதைச் செய்தவர்களே திறனைக் குறைத்திருக்கிறார்கள்.

கே20க்கு இதே கணக்கு: 196 நியூட்டன் மீட்டர், முதல் கியரில் 14 மடங்குக்கு மேல். நஷ்டம் போக 2,500. அகலமான புதிய டயர், 13 அங்குலச் சக்கரம் என்று எல்லாம் போட்டாலும் முன்சக்கரங்கள் தாங்குவது ஆயிரத்தை ஒட்டித்தான். இரண்டாம் கியரிலும் இன்ஜின் 1,600க்கு மேல் தருகிறது. மூன்றாவது கியருக்கு வந்தால்தான் இரண்டும் நெருங்குகின்றன. மணிக்கு 80, 90 கிலோமீட்டர் வரை வண்டியின் பாய்ச்சலைத் தீர்மானிப்பது இன்ஜின் அல்ல, உள்ளங்கை அளவு ரப்பர்த் துண்டுகள் இரண்டு. அதற்கு மேல் மிதித்தால் புகையும் சத்தமும்தான் மிச்சம். ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றதுக்கும் விசை போகாமல் நிற்கும் குறையைச் சரிசெய்ய, வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் போடுகிறார்கள். சிலர் இந்தத் தொல்லையே வேண்டாமென்று இன்ஜினை முன்னாலிருந்து எடுத்துப் பின்சீட் இருந்த இடத்தில் வைத்துப் பின்சக்கரங்களை ஓட்டுகிறார்கள். அப்போது பின்னால் சாயும் எடை எதிரியாக இல்லாமல் துணையாகிவிடுகிறது. பின்சீட் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

முறுக்குவிசையின் இன்னொரு பக்கம் பலர் கண்ணில் படுவதில்லை. சக்கரத்தை ஒரு பக்கம் திருகும் இன்ஜின், தானும் அதே அளவு எதிர்ப்பக்கம் திருகப்படுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. முன்சக்கர இயக்கக் கார்களில் டிஃபரன்ஷியலும் கியர்பாக்ஸ் பெட்டிக்குள்ளேயே இருப்பதால், சக்கரத்துக்குப் போகும் மொத்த முறுக்குவிசையின் எதிர்வினையையும் இன்ஜின் மவுண்டுகள்தான் தாங்க வேண்டும். இன்ஜினில் 196 என்றாலும் மவுண்டுகளுக்கு அது ஆயிரத்துக்கு மேல். பழைய மினியிலேயே இன்ஜின் முன்னும் பின்னும் ஆடாமல் பிடிக்க ஒரு ஸ்டெடி கம்பி இருந்தது. அதன் ரப்பர் தேய்ந்தால் கிளட்சை விடும்போதெல்லாம் வண்டி உலுக்கும். மினி வைத்திருந்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். கே20க்கு மவுண்டும் சப்ஃப்ரேமும் அது கட்டப்படும் தகடும் சேர்ந்தே பலப்பட வேண்டும். மவுண்டை மட்டும் கெட்டியாக்கினால் விரிசல் தகட்டில் வரும்.

தரை ஒத்துழைக்காத இடத்தைத் தாண்டிவிட்டோம். வண்டி நெடுஞ்சாலையில் இருக்கிறது. இங்கே எதிரி காற்று. காற்றுத்தடை வேகத்தின் இருமடியாக வளர்கிறது: வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. ஒவ்வொரு நொடியும் கடக்கும் தூரமும் இரண்டு மடங்காவதால் செலவாகும் திறன் எட்டு மடங்கு. அதாவது மும்மடி. இதைத் தலைகீழாகப் படித்தால் ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு விடை வருகிறது. எட்டு மடங்கு திறன் இருந்தால்தான் இரண்டு மடங்கு வேகம். ஆறு மடங்குக்குக் கிடைப்பது 1.8 மடங்கு. 116 ஏறத்தாழ 210 ஆகும். மினியின் பெட்டி போன்ற முகத்துக்கு இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. பத்து அங்குலச் சக்கரத்துக்காக 1950களில் வரைந்த சஸ்பென்ஷனில் 210இல் போக யாருக்குத் துணிச்சல் இருக்கிறது என்பது வேறு கேள்வி.

போவதைவிட நிற்பது கடினம். வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியாக வளர்கிறது. 116இலிருந்து நிறுத்துவதோடு ஒப்பிட்டால் 200இலிருந்து நிறுத்தும்போது பிரேக் மூன்று மடங்கு ஆற்றலை வெப்பமாக்க வேண்டும். முதல் மினிக்கு நான்கு சக்கரத்திலும் ஏழு அங்குல டிரம் பிரேக். டிரம் சூடானால் விரிந்து ஷூவிடமிருந்து விலகும், உராய்வும் குறையும். மிதி தரை வரை போனாலும் வண்டி நிற்க மறுக்கும். 55 குதிரைத்திறன் கொண்ட மினி கூப்பர் 1961இல் வந்தபோதே முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கொடுத்தார்கள். சாதாரண மினிக்கு டிஸ்க் வர 1984 ஆயிற்று. டிஸ்க் பெரிதாக வேண்டுமென்பதால் சக்கரமும் 12 அங்குலமானது. கே20 போடுகிறவர்கள் 13 அங்குலத்துக்குப் போவதன் முதல் காரணமும் பிரேக்தான், அழகு அல்ல.

வெப்பத்தின் கணக்கு வேறு விதமானது. பெட்ரோலின் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்கும், ஒரு பங்கு புகையோடும், ஒரு பங்கு குளிர்விக்கும் நீருக்கும் போகிறது என்பது பழைய கைக்கணக்கு. எனவே 147 கிலோவாட் தரும் இன்ஜின் முழு வீச்சில் ஓடினால் நூறு கிலோவாட்டுக்கு மேல் வெப்பத்தை ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டும். மினியின் பழைய ரேடியேட்டர் முன்னால் இல்லாமல் பக்கவாட்டில், சக்கரக் குழிக்குள் காற்றை ஊதிக்கொண்டு இருந்தது. கே20க்கு முன்பக்கம் பெரிய ரேடியேட்டரும் மின்விசிறியும் வேண்டும். ஆனால் சாலையில் யாரும் முழு வீச்சைப் பத்து நொடிக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்க முடியாது, அதற்குள் பிரேக் மிதிக்க வேண்டிவரும். ஊருக்குள் ஒழுங்காக ஓடும் அதே வண்டி பந்தயப் பாதையில் மூன்றாவது சுற்றில் கொதிப்பது இதனால்தான்.

கடைசியாக மூளை. பழைய இன்ஜினின் கார்புரேட்டருக்குக் கணினி தெரியாது. காற்று ஓடும் வேகத்தால் ஏற்படும் உறிஞ்சலே பெட்ரோலை இழுத்துக்கொள்ளும். கே20 அப்படியல்ல. கிராங்க் எந்தக் கோணத்தில் இருக்கிறது, கேம் எங்கே இருக்கிறது, உள்ளே வரும் காற்றின் அழுத்தமும் சூடும் என்ன, நீரின் சூடு என்ன, புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறதா என்று உணரிகள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இவற்றில் ‘நாக்’ உணரி முக்கியமானது. கே20 காற்றை 11 மடங்கு நெருக்குகிறது, பழையது 8.3 மடங்குதான். அதிகம் நெருக்கினால் அதிகப் பலன். ஆனால் தீப்பொறி தொட்ட இடத்திலிருந்து தீ பரவி முடிப்பதற்குள் மூலையில் கிடக்கும் கலவை தானாக வெடித்துவிடும் ஆபத்தும் கூடுகிறது. அந்த வெடிப்பு உலோகத்தை ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதிரச் செய்யும். உணரி அதைக் கேட்டதும் கணினி தீப்பொறியைச் சற்றுத் தள்ளிப்போடுகிறது. ஓட்டுபவருக்கு எதுவும் தெரிவதில்லை.

எனவே இன்ஜினை மட்டும் தூக்கி வந்தால் அது இரும்புக்கடைச் சாமான்தான். அதன் வயரிங், கணினி, உணரிகள் எல்லாம் கூடவே வர வேண்டும். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் இருப்பதால் சாவியும் வர வேண்டும், அல்லது கணினியையே மாற்ற வேண்டும். பெட்ரோல் பம்ப் மூன்றரை பார் அழுத்தம் தர வேண்டும், பழைய ரப்பர்க் குழாய்கள் அதற்குத் தாங்காது. வளைவில் பெட்ரோல் டாங்கின் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சும். அதைத் தவிர்க்க ஒரு சிறிய இடைத்தொட்டி. பழைய ஸ்பீடோமீட்டர் கேபிளில் சுழல்வது, ஹோண்டா கியர்பாக்ஸ் மின்துடிப்பு அனுப்புவது. இரண்டையும் இணைக்க இன்னொரு பெட்டி. இந்த வேலைகளில் ஒன்றுக்கும் குதிரைத்திறன் கணக்கில் இடமில்லை. மாதங்களைத் தின்பதோ இவைதான். அதற்கு ஈடாகக் கணினி ஒரு நல்ல காரியமும் செய்யும். முதல் இரண்டு கியரிலும் முறுக்குவிசையைக் குறைத்துக் கொடுக்கும்படி அதற்குச் சொல்லிவைக்கலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள்: முதலில் 200 குதிரைகளை வாங்கி, பிறகு அவற்றுக்குக் கடிவாளம் வாங்குகிறார்கள்.

சட்டமும் இதைக் கவனிக்கிறது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆகவே வேறு நிறுவனத்தின் பெரிய இன்ஜின் என்பது இங்கே ஆர்டிஓ அலுவலக வாசலிலேயே நின்றுவிடும். பிரிட்டனில் நெடுங்காலம் ஒரு புள்ளிக் கணக்கு இருந்தது. பழைய பதிவெண் நிலைக்க வேண்டுமானால் வண்டியில் பழைய பாகங்களுக்கு எட்டுப் புள்ளிகள் தேற வேண்டியிருந்தது. அதில் சஸ்பென்ஷனுக்கு 2, ஆக்சிலுக்கு 2, கியருக்கு 2, ஸ்டியரிங்குக்கு 2, மாற்றாத பாடிக்கு 5. இன்ஜினுக்கு ஒன்றே ஒன்று. இன்ஜினை மாற்றியவர் இழந்தது ஒரு புள்ளி; அதற்கு இடம் செய்வதற்காகப் பாடியை வெட்டியவர் ஐந்தையும் இழக்க நேர்ந்தது. தகட்டில் ரம்பம் வைக்காமல், தொழிற்சாலை போட்ட பழைய போல்ட் துளைகளிலேயே பொருந்தும் சப்ஃப்ரேம்களுக்கு மவுசு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.